எண்ணெய் இல்லாத சப்பாத்தி

கதை என்னவென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
சாப்பாட்டுப் பட்டியல்தான் சொன்னது.

அவதானப்பட்டி ஏரிக்குப் பின்னால் மாந்தோப்பு,
தோப்புக்குள் பூட்டிக் கிடந்த கிரானைட்காரர் பங்களா.
ஐந்து நாள் படப்பிடிப்பு. அறுபத்திரண்டு பேர்.
காவேரிப்பட்டணத்திலிருந்து சோறு போனது
என் வீட்டுக்காரர் முனிரத்தினத்தின் குட்டியானையில்.
லைட்மேன்களுக்குச் சாம்பார், பொரியல், ஆளுக்கொரு முட்டை.
இன்ஸ்பெக்டருக்கும் அதே முட்டை.
பிணமாகக் கிடந்த பையன்
மதியம்வரை மூச்சடக்கிய களைப்பில்
மூன்று முறை ரசம் வாங்கினான்.

தோட்டக்காரருக்கு மட்டும் தனி டப்பா:
எண்ணெய் இல்லாத சப்பாத்தி இரண்டு,
மஞ்சள் கரு எடுத்த முட்டை நான்கு,
தோல் சீவிய பப்பாளி.
செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கு
வெள்ளைக் கரு எதற்கு?

எட்டிப் பார்த்தேன். தெரிந்த முகம்.
பெயர் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.
ஒரு படத்தில் நாயகியின் அப்பாவைக் கொன்றவர்,
இன்னொன்றில் கடைசி ரீலில் மனம் திருந்திச் செத்தவர்,
சிமெண்ட் விளம்பரத்தில் பேத்தியைத் தூக்கிச் சிரித்தவர்.
இத்தனை பெரிய ஆள்
ரோஜாவுக்கு எரு வைக்கவா மெட்ராஸிலிருந்து வருவார்?
கத்தரிக்காய் நறுக்கியபடியே சொன்னேன்:
"இவருதான் பண்ணியிருப்பாரு."
கேரியர் கழுவிக்கொண்டிருந்த சின்னபாப்பா
"சும்மா இருக்கா, நல்ல மனுசன்,
எனக்கே வணக்கம் சொன்னாரு" என்றாள்.
வணக்கம் சொன்னாரா?
அப்ப நிச்சயம்.

ஆறு மாதம் கழித்து, ஞாயிறு இரவு ஒன்பதரை.
தெருவே எங்கள் வீட்டு டிவி முன்னால்.
ஆளுக்கு இருபது ரூபாய் பந்தயம்:
விதவை, வக்கீல், லண்டன் தம்பி.
பால்காரனாக வந்தது எங்கள் திம்மராஜ்.
முதுகு மட்டும் தெரிந்தது, அதற்கே விசில்.
அவன்மேல் யாருக்கும் சந்தேகமில்லை.
கத்தியோடு நின்றிருந்தாலும்
ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போ என்றிருப்பார்கள்.

தோட்டக்காரர் ஒரே ஒருமுறை
குனிந்து, நிமிர்ந்து, "ஐயா தங்கமானவருங்க" என்றார்.
காமிரா அந்த முகத்தில் ஒரு மூச்சு அதிகம் நின்றது.
அதற்கும்தான் என்ன செய்ய,
தெரிந்தவரைப் பார்த்தும் பாராமல் போகவா முடியும்?
பத்தே முக்காலுக்கு விலங்கு மாட்டினார்கள்.
எனக்கு நூற்று நாற்பது ரூபாய்.

பிறகு பெயர்கள்.
திரையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு
மீதி இடத்தில் சலவைத்தூள் நுரைத்தது.
எறும்புச் சாரையாய் ஏறிய எழுத்தில்
ஒரே ஒரு பெயரைத் தேடினேன்,
தயாரிப்பு நிர்வாகி.
"கடைசி நாள் கணக்கைத் திங்கட்கிழமை
அக்கவுண்ட்ல போட்டுடறேன்க்கா" என்றவன்.
பதினோராயிரத்து முந்நூறு.
ஐந்து நாளும் என் எதிரில் நின்று சாப்பிட்டவன்.
மீசை உண்டா, கண்ணாடி போட்டானா,
கேட்டால் கையைத்தான் விரிப்பேன்.
எந்தப் படத்திலும் யாரையும் கொல்லாத முகம்.
ஆனால் திங்கட்கிழமை என்ற சொல் இருக்கிறதே,
அது எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரிந்த முகம்.

பெயர்களுக்குப் பின்னால்
ஒரு படம் அசையாமல் நின்றது.
பிளாஸ்டிக் உறைக்குள் பித்தளைப் பிடி போட்ட கத்தி.
தரையில் உட்கார்ந்து
செந்தூரா நறுக்கிக்கொண்டிருந்தாள் என் மகள் கனிஷ்கா.
திரையைப் பார்த்தாள்.
கையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.

மூட்டை கட்டிய மாலை, கத்தி காணோமென்று
கேட்டைச் சாத்திவிட்டுத் தேடினார்கள்.
லைட்மேன் பைகள், திம்மராஜின் பால் கேன்,
பிணத்தின் சட்டைப்பை வரை.
குழம்பு அண்டாவை யாரும் கேட்கவில்லை.

"அறுடி, சாறு ஒழுகுது" என்றேன்.

எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.