வெளியே ஒரு கீறலும் இல்லை

பத்தாம் வளைவில் ஜீப் சாய்ந்தபோது
பதினெட்டுப் பேரில் எனக்கு மட்டும்
ஒரு கீறல்கூட இல்லை.
ஸ்டெப்னி மாட்டும் கம்பி
இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம்
ஒரே ஒரு இடி. அவ்வளவுதான்.
ரத்தம் தெரிந்தவர்களை முதலில் ஏற்றினார்கள்.
நான் சிதறிய தூக்குவாளிகளைப் பொறுக்கி
எந்த மூடி எதற்கென்று
பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறை மறைவில் உட்கார்ந்தபோது சிவப்பு.
தேதி எண்ணினேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.
பயத்தில் முந்திக்கொண்டது போல என்று
சேலையை உதறி எழுந்துவிட்டேன்.
யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.
சுருளியம்மாதான், நெற்றியில் துணியை அமுக்கிக்கொண்டே,
"எந்த வழியா வருது, ஒழுங்கா யோசிடி" என்றாள்.
யோசித்தேன்.
வழி வேறு.

க.விலக்கு ஆஸ்பத்திரியில் ஏட்டு கேட்டார்:
"செக்போஸ்ட்டுக்கு மேலயா, கீழயா?"
மேலே என்றால் கேரளா கேஸ், கீழே என்றால் நம்ம கேஸ்.
காய் எடுத்தது பூப்பாறையில்,
கவிழ்ந்தது போடி பக்கம்,
கசிவது எனக்குள்ளே.
மூன்றாவதை எழுத
அவர் தாளில் கட்டம் இல்லை.

டாக்டர் மெஹருன்னிசா திரையைத் திருப்பிக் காட்டினார்.
மொச்சைக்கொட்டை போல ஒன்று, இடுப்பில் பிளந்து.
"கிட்னி கிழிஞ்சிருக்கு. சுத்தி ஒரு உறை இருக்கு.
கசிஞ்ச ரத்தம் அதுக்குள்ள நெருக்கி நின்னு
கிழிசலை அதுவே அமுக்கிப் பிடிச்சிருக்கு.
இப்ப நாங்க திறந்தா அந்தப் பிடி விட்டுரும்."
எனக்குப் புரிந்தது.
இறுக்கித் திணித்த ஏலக்காய்ச் சாக்கு
ஓரத்தில் கிழிந்தாலும் ஒரு காய் உதிராது.
வாயைப் பிரித்தால்தான் சரியும்.

ஆகவே வைத்தியம்: படுப்பது.
மல்லாந்து, அசையாமல், எண்ணாமல்.
நாடி ஏறினாலோ பிரஷர் இறங்கினாலோ
தொடை வழியாக ஒயர் விட்டு அடைப்பார்களாம்.
அதற்கும் நிற்காவிட்டால் எடுத்துவிடுவார்களாம்.
"ஒண்ணு இருந்தாலும் வாழலாம்."
இரண்டு கூலி வந்தும் போதாத வீடு எங்களுடையது.
ஒன்று போதும் என்பதை
நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஆறு மணிக்கொரு தரம்
சிஸ்டர் பையிலிருந்து ஒரு குழாயில் பிடித்து
பிளாஸ்டரில் நேரம் எழுதி
ஜன்னல் கட்டையில் நிறுத்தினாள்.
முதல் குழாய், பீட்ரூட் வெந்த தண்ணி.
மூன்றாவது, எஸ்டேட்டில் பத்து மணிக்கு ஊற்றும்
கட்டன்சாயா.
ஐந்தாவது இன்னும் வெளுத்தது.
சீப்பு விழுந்ததென்று கட்டிலைவிட்டு இறங்கிக் குனிந்தேன்.
ஆறாவது மறுபடி சிவப்பு.
சிஸ்டர் திட்டவில்லை. அதை மற்றவற்றின் பக்கத்தில் வைத்து
சீப்பை எடுத்து
என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துப் போனாள்.

அதன்பிறகு அசையவில்லை.
இருபது வருடத்தில்
பகலில் நான் படுத்த முதல் ஆறு நாள்.
மின்விசிறி இறக்கையில் ஒட்டடை இருந்தது,
எழுந்து துடைக்கக் கை பரபரத்தது.
வீருகண்ணன், என் வீட்டுக்காரர்,
விடியும்போதெல்லாம் புதுக்குழாயை வெளிச்சத்தில் தூக்கி
ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.
நல்லதா கெட்டதா என்று சொல்ல மாட்டார்.
காப்பி வாங்கப் போகும் நடையில் தெரிந்துவிடும்.

கங்காணி போன் போட்டார், அடுத்த எடுப்புக்கு வருவியா என்று.
ஆறு வாரம் சுமை தூக்கக் கூடாது,
ஜீப்பில் குலுங்கக் கூடாது,
மாசம் ஒருதரம் பிரஷர் பார்க்கணும் என்றேன்.
"வெளிய ஒண்ணும் தெரியலையே" என்றார்.
ஆமாம் என்றேன்.

இன்று காலை ஐந்தரைக்கு ஜீப் எங்கள் தெருவில் நின்றது.
என் இடத்தில் வேறு யாரோ, முக்காடு போட்டு,
அந்தக் கம்பியில் முதுகு சாய்த்து.
"தள்ளி உக்காரும்மா" என்று கத்தினேன்.
இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது.
ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக்
கொல்லைப் பக்கம் போய்
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு நிறமும் இல்லை.
பேட்டரி மங்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.