வயர் பார்க்க வந்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எனக்குச் சினிமா பிடிக்காது.
வயர் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள்.

மொந்தேவிதேயோவில் எங்கள் செர்ரோ பேட்டையில்
தெருக்களுக்குத் தேசங்களின் பெயர்.
கிரேக்கமும் ஹாலந்தும் முட்டிக்கொள்ளும் முனையில்
அல்பத்ரோஸ் திரையரங்கு.
நெற்றியில் இருந்த பறவைக்கு
ஒரு சிறகுதான் மிச்சம்,
அதிலும் நியான் செத்துப்போயிருந்தது.

கட்டியவர்கள் இறைச்சி ஆலைக்காரர்கள்.
முதலாளி கிடையாது.
வாரத்துக்கு ஒரு நாள் கூலி, தலைக்கு இருபது செங்கல்.
லித்துவேனியர், ஆர்மீனியர்,
கலீசியாவிலிருந்து கப்பலேறிய பட்டினிக்காரர்.
ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது.
திரையில் ஒருத்தன் வழுக்கி விழுந்தால் மட்டும்
எல்லாருக்கும் விளங்கியதாம்.
எத்தனை சோப்பு தேய்த்தாலும் ரத்த வாடை போகாத
முதல் வரிசைக்குக் கசாப்பு வரிசை என்று பெயர்.
வேலைநிறுத்த மாதங்களில்
பெத்ரோனேலா வைத்குஸ்
சீட்டைக் கிழிக்காமல் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள்:
"நாளைக்கும் இதையே கொண்டு வா."

ஆலை மூடியது.
பிறகு ராணுவம் வந்தது.
ஓர் இரவு, பாதிப் படத்தில்
விளக்கைப் போடச் சொன்னார்கள்.
நான்கு பேரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.
யாரோ வீசிய பாட்டில் பட்டுத் திரை கிழிந்தது.
ஆபரேட்டர் ஓனேசிமோ
மாவு மூட்டைத் துணியில் ஒட்டுப் போட்டார்.
அன்று முதல் எந்தப் படமானாலும்
இடப்பக்கம் நிற்பவர் கன்னத்தில் ஒரு மரு.

மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

கடனுக்கு நாற்காலிகள் ஏலம் போயின.
கட்டடம் டயர் கிடங்கானது,
அப்புறம் சுகமளிக்கும் சபை,
அப்புறம் புறாக்கள்.

பஸ் ஓட்டும் சுல்மா எதெர்யான்
ஆறு பேரைச் சேர்த்துச் சாவி வாங்கினாள்.
புதுக் கூரையா புதுத் திரையா,
இரண்டுக்கும் காசில்லை.
கை தூக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில்
கூரை ஜெயித்தது.
மரு தங்கிவிட்டது.

நாற்காலிகள் வீடுவீடாகத் திரும்பின.
சவரக்கடை தெல்மிரோ இரண்டு கொடுத்தான்,
இரவல்தான், வியாழன் முதல் ஞாயிறு வரை.
ஒருத்தி, மாமியார் உயிர் விட்ட நாற்காலி என்று
துடைக்கக்கூட இல்லாமல் வாசலில் இறக்கிப் போனாள்.
கால்பந்து மன்றத்திலிருந்து வந்தவற்றில்
சேறு இன்னும் ஈரமாக இருந்தது.
வராதவற்றுக்குப் பதில் சமையலறை ஸ்டூல்.

ஒன்பதாவது வரிசையில் ஓர் இடம் மட்டும் காலி.
வயர் இழுக்க வாகான வழி.
"சுற்றிக் கொண்டு போ" என்றாள் சுல்மா.
நான்கு மீட்டர் கூடுதல், காசு யார் தருவது?
கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
நானும் செர்ரோக்காரிதான்.

திறந்த அன்று ஜூலை மழை.
ஈரக் கம்பளி, வறுத்த வேர்க்கடலை, நாய் ஒன்று.
பத்தொன்பதாவது நிமிடத்தில் ஃபியூஸ் போனது.
என் தப்பு. ஹீட்டரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கும்மிருட்டு.
எழுந்து ஓடுவார்கள், திட்டுவார்கள் என்று நினைத்தேன்.
நாற்காலி ஒன்று கிறீச்சிடவில்லை.
ஒரு கிழவர் டார்ச்சை அடித்தார்.
"அணை!" என்று பத்துக் குரல்.
அப்போதுதான் உறைத்தது.
இந்த ஊர் பயந்தது இருட்டுக்கு அல்ல,
நடுப்படத்தில் எரியும் விளக்குக்கு.

தடவித் தடவியே ஃபியூஸ் மாற்றினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
படம் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தது.
ஹீட்டர் கூடாது என்றேன்.
கோட்டைக் கழற்றாமல் பார்த்தார்களாம்.

மீதி நேரமெல்லாம் மின்பெட்டி அருகில் நின்றேன்,
வயர் சூடாகிறதா என்று விரலால் தொட்டபடி.
யாரோ கதவிடுக்கில் மாத்தே குடுவையை நீட்டினார்கள்,
முகம் தெரியவில்லை.
உள்ளே ஒரு பெரிய சிரிப்பு.
யாரோ விழுந்திருக்க வேண்டும்,
அல்லது மரு யார் மூக்கிலாவது ஏறியிருக்கும்.

என்ன படம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.
அந்த வயரை நம்ப முடியாது.