பஞ்சுத் தாடி

ஐந்தே முக்காலுக்கு ஏற்காட்டில் ஏரி இல்லை.
பனி மட்டும் நிறுத்தத்தில் எங்களோடு நிற்கிறது,
டிக்கெட் வாங்காமல்.
குரங்குக் குல்லா போட்ட நடத்துனர்
"அடிவாரமா, சேலமா" என்று
இரண்டு புகையாய்க் கேட்கிறார்.

இருபது கொண்டை ஊசி.
இறங்கும்போது பதினோராவதில் ஜன்னலைத் திறக்கலாம்.
ஐந்தாவதில் ஸ்வெட்டரின் மேல் பட்டன்.
அடிவாரத்தில் மொத்தமாய்க் கழற்றிச்
சாப்பாட்டுப் பைக்குள் திணித்துவிடுவேன்.
எனக்குக் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதை
லேபில் யாரும் பார்த்ததில்லை.

ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசை.
சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு.
என் விரல்கள் இன்னும் மலையிலேயே இருக்கின்றன.
"ஐஸ் மாதிரி இருக்கே தம்பி"
கையை இழுத்துக்கொள்கிறார் ஜவ்வரிசி மில்காரர்.
தேய்த்துச் சூடாக்கி
மறுபடி நரம்பைத் தட்டுகிறேன்.

டிசம்பர் பிறந்த அன்றே தனபால் சார் சொல்லிவிட்டார்:
"இன்னாசி, இருபத்துமூணு சாயங்காலம் பார்ட்டி.
உங்க பண்டிகை. நீங்கதான் தாத்தா."
தலைக்கு முந்நூறு, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.
தாத்தாவுக்கும் முந்நூறு.

பதினெட்டுப் பேரில் நான் ஒருவன்.
எனவே கேக் எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்,
முட்டை போடாமல் கிடைக்குமா என்றும்.
நட்சத்திரத்தை எந்தத் திசையில் மாட்டுவது,
ரிசப்ஷனில் ஷம்ஷாத் கேட்டாள்.
கிழக்கு என்றேன், சும்மா.
ஸ்டூல் மேல் ஏறி
போனில் திசைகாட்டி பார்க்கிறாள்.

எங்கள் லைன் வீடுகளுக்கு வரும் தாத்தா
மேளத்துக்கு ஆடுவார்.
முகமூடியின் மூக்கு நசுங்கியிருக்கும்,
கிட்டே வந்தால் சாராய வாடை.
இங்கே ஆட வேண்டாம்.
நிற்க வேண்டும், போட்டோவுக்கு.

தாடி வாங்க மறந்துவிட்டார்கள்.
ஸ்டோர் ரூமில் பஞ்சுச் சுருளைப் பிரித்து
என் முகத்தில் ஒட்டியவன் எக்ஸ்ரே மாதேசு.
கறுப்பு வேட்டி, துளசி மாலை, வெறுங்கால்,
விரதத்தில் முப்பத்தேழாம் நாள்.
"ஆடாதீங்க சாமி" என்றான்.
மாலை போட்டதிலிருந்து அவனுக்கு எல்லோரும் சாமி.
ஸ்பிரிட் வாடையும் சந்தன வாடையும்
என் மூக்குக்குக் கீழே சண்டை போட்டன.
அவனுடையது சொந்தமாய் வளர்ந்த தாடி,
அரிக்குது என்று சொறிந்தான்.
என்னுடையதும் அரித்தது.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சொறிந்துகொண்டு
வெளியே போகாமல் இருந்தோம்.

போனதும் கைதட்டல்.
வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.
இரண்டையும் ஒரே குழாயில் எடுத்தால்
எந்த மூடி போடுவது,
சிவப்பா, ஊதாவா?

பெருக்க வந்த பாவாயி அக்கா
கதவோரம் நின்றார்.
ஏஜென்சி ஆள், லிஸ்டில் பெயர் இல்லை.
பெரிய துண்டாய் ஒன்றை அவர் கையில் வைத்தேன்.
தாத்தாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னாசியாக இருந்தால் வைத்திருப்பேனா, தெரியாது.

சீட்டுக் குலுக்கிய பரிசில்
எனக்கு வந்தது ஒரு குரங்குக் குல்லா.
சேலத்தில் உட்கார்ந்துகொண்டு
இதை வாங்க யாருக்குத் தோன்றியது?
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன்.
எல்லோர் வாயிலும் கேக்.
போட்டுப் பார்த்தேன், காதோடு நின்றுவிட்டது.
சின்னப் பிள்ளை சைஸ்.
அவ்வளவு சிரிப்பை இந்த வருஷத்தில்
அந்த அறை கேட்டதில்லை,
நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எட்டே கால் பேருந்து.
ஐந்தாவதில் பட்டன், பதினோராவதில் ஜன்னல்.
மடியில் குல்லா, மகளுக்கு ஆகும்.
டபுள் டியூட்டியில் அதே நடத்துனர்
என் தாடையைப் பார்த்துச் சிரித்தார்.
தொட்டேன். ஒரு கொத்துப் பஞ்சு.
இழுத்தேன், வலித்தது.
அப்படியே விட்டேன்.

நாளை இருபத்துநாலு, லீவு இல்லை.
ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்துவிடுவார்கள்.
இப்போதே கையைத் தேய்க்கத் தொடங்கினேன்.