பின் பதினேழு

வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு அடுத்த ஒழுங்கையில்
இரவு பத்தே முக்கால்.
பெனாங்கில் ஒன்றே கால்.
லாட் முப்பத்தொன்றின் இருபத்தைந்து வேஃபர்களும்
திரையில் வட்டம் வட்டமாக நிற்கின்றன.
தேறியது பச்சை, தேறாதது சிவப்பு.
இருபத்தைந்து பாகையில் பச்சை,
நூற்றிருபத்தைந்திலும் பச்சை.
மைனஸ் நாற்பதில் மட்டும்
ஓரமாக ஒரு சிவப்புப் பிறை.

பின் பதினேழு.
பின் என்றால் எங்கள் தொழிலில் கூடை.
ஒவ்வொரு குற்றத்துக்கும் ஓர் எண்,
ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கூடை.

"சிப்பு செய்யிற வேலையாமே புள்ள,
ஒண்டு காட்டன் பாப்பம்"
நேற்று வேலியால் எட்டிக் கேட்டார் தங்கநாச்சியாக்கா.
காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.
ஏழு வருசத்தில் ஒன்றைத் தொட்டதுமில்லை.
அவை சொன்ன பதில்கள்தான் என் கையில்:
இத்தனை மில்லிவோல்ட்,
இத்தனை நனோசெக்கன்.

லிம் கோலில் வந்தான்.
குழந்தை நித்திரையாக்கும், குரலைத் தணித்தான்.
எங்கள் வரம்பை எட்டு மில்லிவோல்ட் தளர்த்தினால்
லாட் முழுக்கத் தேறும்.
வாடிக்கையாளர் கேட்ட எல்லைக்கு அப்போதும் உள்ளேதான்.
வெள்ளிக்கிழமை விமானம்.
கையெழுத்து உன்னுடையது, மெர்சலின்.

உள்ளேதான். இன்றைக்கு.
பத்து வருசம் சூடேறிக் குளிர்ந்து
சூடேறிக் குளிர்ந்த மறுகா?

ஐஸ் ஆலையில் கட்டிகள் உடைபடும் சத்தம்.
கொழும்புக்கு மீன் ஏற்றிய லொறி
ரயில் கடவையில் நீளமாக பிரேக் பிடித்தது.
நின்றது.
நிற்கும் என்று நினைத்தே மிதித்திருப்பான் சாரதி.
மிதிக்கிற எவனும் அப்படித்தானே.

எங்கோ பனி மூடிய தெருவில்
விடியற்காலை காரை எடுக்கப்போகிற ஒரு கால்.
ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ,
சப்பாத்து என்ன நிறமோ.

தளர்த்த வேண்டாம், லிம்.
ஓரத்து இரண்டு வரிசையையும் விட்டுவிடு.
தேறல் தொண்ணூற்று நான்கிலிருந்து
எண்பத்தொன்பதுக்கு இறங்கியது.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, காசுக்கணக்கை நீயே மேலே சொல், என்றான்.
சொல்கிறேன் என்றேன். வயிறு கலங்கியது.

வைக்கப்போனவனிடம் ஒன்று கேட்டேன்:
அந்தப் பிறையில் ஒரு சிப்பை எடுத்துத்
தபாலில் போடு.

பகல் முப்பத்துமூன்று பாகை.
மார்கழி மழைக்கும் இருபத்திரண்டுக்குக் கீழே இறங்காத ஊர்.
தங்கநாச்சியாக்காவின் உள்ளங்கையில்
ஒரு குற்றமும் இல்லாமல்
அது ஆயுள் முழுக்கத் தேறும்.