பதினோரு ஸ்பேனர்

கடைசி ரயில் போன பிறகுதான்
எங்களுக்குப் பகல்.
ஒன்றரைக்கு மின்சாரம் நிற்கும்,
நாலரைக்குள் தண்டவாளத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.
நடுவிலிருக்கும் மூன்று மணி நேரத்தை
ஒன்பது பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பவள் நான்,
மார்ச்சிலிருந்து.

அந்தப் பதவி நோர்ஹிஷாமுக்கென்றுதான்
எல்லோரும் நினைத்திருந்தோம்,
நான் உட்பட.

என்னை 'பாஸ்' என்பார்.
அந்தச் சின்னச் சொல்லில் எவ்வளவு உப்பு கொள்ளும் என்று
அவரிடம்தான் கேட்க வேண்டும்.
எதைச் சொன்னாலும் 'கேன்' என்பார்.
முடியும் என்று ஒரு கேன்.
முடியாது, ஆனாலும் நீ கேட்டுவிட்டாய் என்று ஒரு கேன்.
செய்கிறேன், கெட்டுப்போனால் உன் தலை என்று ஒன்று.
முதுகைக் காட்டியபடி சொல்வது இன்னொன்று,
அதற்கு இன்றுவரை பொருள் தெரியாது.

அலுவலகம் என்னை வகுப்புக்கு அனுப்பியது.
ஜூரோங் ஈஸ்ட், பதினாலாம் மாடி,
இரண்டு நாள், மதியம் பிரியாணி.
கடினமான மனிதர்கள் நான்கு வகையாம்,
ஒவ்வொரு வகைக்கும் ஒரு விலங்கின் படம்.
அவரை முதலில் முள்ளம்பன்றியில் வைத்தேன்,
பிறகு ஆமையில்.
மாலை லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது
கதவில் என் முகம் தெரிந்தது.
கையில் மிச்சம் இரண்டு படம் இருந்தது.

கோப்பி-ஓ வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன்.
குடித்தார்.
குரலை உயர்த்திப் பார்த்தேன்.
சுரங்கம் அதை எனக்கே திருப்பித் தந்தது.

அந்த வியாழன்,
பிரேடலுக்கும் தோ பாயோவுக்கும் நடுவில்,
நாலு பத்து.
பன்னிரண்டு ஸ்பேனர் உள்ளே போனது,
பதினொன்று வெளியே வந்தது.
ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை, இரண்டாம் முறையாக.
'வண்டியில்தான் கிடக்கும், கையெழுத்துப் போடுங்கள்.'
சொன்னது நான்.
எட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள்.
அவர் மட்டும் என்னைப் பார்த்தார்.
'கேன்னோட், பாஸ்.'

அப்போது வந்த கோபத்தைச் சொல்லியாக வேண்டும்,
மறைத்தால் இதை எழுதியே பயனில்லை:
ஸ்பேனர் என் நினைவிலேயே இல்லை.
எல்லோர் முன்னாலும்,
என்னை,
என்பது மட்டுமே இருந்தது.

நாலு இருபத்தேழுக்குக் கிடைத்தது.
மின்தண்டவாளத்தின் அடியில்
ஒன்றுமறியாததுபோல் படுத்துக் கிடந்தது.
ஆறு நிமிடத் தாமதம்.
'காரணம்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதை.

ஆனால் அந்தப் பதினேழு நிமிடத்துக்குள்
ஸ்பேனரைத் தவறவிட்ட ரஃபிகுலிடம்
அவர் சொன்ன ஒரு சொல் உண்டு.
அவன் ஊரைப் பற்றி, தாயைப் பற்றி.
மலாயில்தான் சொன்னார்,
அவனுக்குப் புரிந்துவிட்டது.
தலை விளக்கைத் தரைக்கே திருப்பிக்கொண்டு
யாருக்கும் முகம் காட்டாமல் தேடினான்.

பீஷான் பணிமனை, ஐந்தே கால்.
கை கழுவும் இடத்தில் அவரை நிறுத்தினேன்.
பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு,
ரொட்டிக்கு நடுவே கறி வைப்பதுபோல் என்று
வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்.
அவர் நகத்திலிருந்து கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

'நீங்கள் மறுத்தது சரி. நான் அவசரப்பட்டேன்.'
'ரஃபிகுலிடம் பேசியது தவறு. அதற்குக் கடிதம் வரும்,
எழுதுவது நான்தான்.'
இரண்டுக்கும் இடையில் ஓர் 'ஆனால்'
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
பிறகு குழாயை மூடினார்,
எந்த மரையையும் முடுக்குவதுபோல் இறுக்கமாக.
'கேன்,' என்றார்,
முதுகைக் காட்டியபடி.

வெள்ளி இரவு
பன்னிரண்டையும் அவர் எண்ணினார்,
ஒன்றும் சொல்லாமல் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.
நானும் எண்ணினேன்.
ரஃபிகுல் நான்கடி தள்ளி நின்றிருந்தான்.
வேலை முடியும்வரை
அந்தப் பெட்டியில் கை வைக்கவில்லை.

'திரு' என்பதோடு நின்றிருந்த கடிதத்தை
அன்று விடிந்ததும்
எழுதி முடித்தேன்.