பதினேழாம் கேள்வி

ஏழு மணி நாற்பத்தொரு நிமிடம் என்று
என்னைப் பற்றி எனக்கே அறிக்கை தந்தது போன்.
ஹிமாஷிக்கு ஒன்பதே கால்.
நீ தோற்றாய் என்றாள், சிங்களத்தில்.
பிறகு ஆளுக்கொரு கட்டிலில் திரும்பிப் படுத்தோம்.
மருதானைக்குப் போகும் கடைசி ரயில்
எங்கள் இரண்டு நீல முகங்களையும்
அசைத்துவிட்டுப் போனது.

திங்கள் வகுப்பில் வினாக்கொத்து.
ஆய்வுக்காம், பெயர் எழுதத் தேவையில்லை.
போன் பக்கத்தில் இல்லாவிட்டால் பதறுகிறேன்:
உடன்படுகிறேன்.
பெருவிரல் வலிக்கிறது:
மிகவும் உடன்படுகிறேன்,
இந்தப் புள்ளடி போடும்போதும்.
பதினேழு:
செயற்கை நுண்ணறிவு ஒருநாள்
தாதியின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.
ஐந்து கட்டங்கள்.
போன மாத அசைன்மென்ட்டை முழுக்க
எழுதித் தந்ததே அதுதான்;
புறம் பேச மனம் வரவில்லை.
தாளை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இரவு, இருபத்து மூன்றாம் வாட்.
பொறுப்பு மிஸ் கோடியில்
மூச்சு இழுக்கும் ஒருவரோடு.
ஆறாம் கட்டில் ஜுனைதீன் நானா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர்,
"மகள், கை குளிருது" என்றார்.
புறங்கை உப்பியிருந்தது.

படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான்.
ஆனாலும் மருந்து ட்ரொலிக்குப் பின்னால் குனிந்து
தட்டிக் கேட்டேன்:
சேலைன் ஏறும் கை குளிர்ந்து வீங்கினால்?
மூன்று புள்ளிகள் துள்ளின.
மிக மரியாதையாகச் சொன்னது:
உடனே அருகிலுள்ள தாதியை அழையுங்கள்.

நிமிர்ந்து பார்த்தேன்.
சுற்றும் ஃபேன். தூங்காத நாற்பது பேர்.
வெள்ளை உடுப்பில் ஒரே ஒருத்தி,
கையில் வெளிச்சத்தோடு.

சேலைனைப் பூட்டினேன்.
ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்னேன்.
அவர் வந்து ஊசியை எடுத்ததும்
கையைத் தலையணையில் உயர்த்தி வைத்தேன்.
நாடி பார்க்க மறுபடி போன்;
நெஞ்சில் குத்தும் கடிகாரம் மாசியிலேயே நின்றுவிட்டது.
முப்பத்தெட்டாம் துடிப்பில்
ஹிமாஷி ஒரு பூனை வீடியோ அனுப்பினாள்.
எண்ணிக்கை தப்பியது.

"என்ன மகள், சரியில்லையா?"
"உங்களுக்கு நல்லம் நானா. எனக்குத்தான்."
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி
ஒன்றிலிருந்து.
அவருடைய மணிக்கட்டில்
பழைய கிறீஸின் கறுப்பு
இன்னும் ரேகைகளில் இருந்தது,
அதன் கீழே
அது பாட்டுக்கு
அடித்துக்கொண்டிருந்தது.

காலையில் வினாக்கொத்தைக் கொடுத்தபோது
பதினேழு வெறுமையாகவே இருந்தது.
கட்டங்களுக்கு வெளியே, மடிப்பின் ஓரத்தில்
எழுபத்தாறு என்று பென்சிலில்.
அது யாருடைய நாடி என்று
ஆய்வுக்குத் தெரியவராது.