வினைச்சொல்

ஃபினிகேக்கு மேலே, ரிஃப்கியின்
தக்காளிக் கண்ணாடிக் கூடாரத்துக்குப் பின்னால்
பாறையில் குடைந்த கல்லறை.
உள்ளே பிணம் இல்லை. யூரியா மூட்டை பதினொன்று,
ஒரு மருந்துத் தெளிப்பான், அவர் மனைவி நாஸ்மியே
வேண்டாமென்று ஒதுக்கிய தையல் மிஷின்.
நிழலாக இருக்கிறதே என்று
என் பையையும் அங்கேதான் வைத்திருந்தேன்.

வாசலுக்கு மேலே நான்கு வரி, லிக்கிய மொழி.
பேசியவர்கள் போய் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகிறது.
ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி
பிரஷால் தட்டித் தட்டி
எழுத்துகளின் பள்ளத்தை எடுத்துக்கொண்டிருந்தேன்.
ஏணியைப் பிடித்தபடி ரிஃப்கி கேட்டார்,
என்னதான் எழுதியிருக்கு?

மூன்று வரி சுலபம்.
இந்தக் கல்லறையை இன்னார் கட்டினார்,
மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்.
வேறு யாரையாவது, வேறு எதையாவது
இதற்குள் வைப்பவனை
இவ்வளாகத்தின் தாய்...

அங்கேதான் அந்தச் சொல்.
ஏழு எழுத்து. வினைதான், விகுதி காட்டிக்கொடுக்கிறது.
வேறெந்தக் கல்லிலும் காசிலும் அது இல்லை.
'அடிப்பாள்' என்றார் வியன்னாவில் ஒருவர்.
'அபராதம் வாங்குவாள்' என்று முப்பது பக்கத்துக்கு
மறுத்தார் அவருடைய மாணவரே.
'தாகத்தில் விடுவாள்' என்பது என் ஊகம்.
பக்கத்து மொழியில் ஒரு வேர் கிடைத்தது,
அதைப் பிடித்துத் தொங்குகிறேன்.

ரிஃப்கி ஏணியை விட்டுவிட்டார்.

அடி என்றால், தொண்ணூற்றெட்டில் ஆலங்கட்டி மழை,
கூடாரத்தில் ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை.
அபராதம் என்றால் விவசாய வங்கி இருக்கிறது.
தாகம்...
தாடியைச் சொறிந்தார்.
போன கோடையில் ஆழ்துளைக் கிணறு உப்பாகிவிட்டது.
எனக்குச் சர்க்கரை. ராத்திரி நாலு தடவை
எழுந்து தண்ணீர் குடிக்கிறேன்.
அதுவும் சேருமா?

சேராது என்று சொல்லியிருக்கலாம்.
நோட்டில் குறித்துக்கொண்டேன்.
மூன்று பொருளுக்கும் அவரிடம் சான்று இருந்தது.
எங்கள் மூவரிடமும் அடிக்குறிப்புகள்தான்.

"ரொம்பக் கோபக்காரியா அவள்?"
கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல் கேட்டாள் நாஸ்மியே.
தாய் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது என்றேன்.
"அப்படியானால் மூன்றும்தான்."

எப்படி ஒலிக்கும், சொல்லுங்கள் என்றார் ரிஃப்கி.
நான்காவது எழுத்து மூக்கால் வரும் உயிர்.
அதற்கு வாயை எவ்வளவு திறப்பது
என்று உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாது.
குத்துமதிப்பாகத் திறந்தேன்.
சொன்னேன்.

மூட்டைகளின் மேல் உறங்கிக்கொண்டிருந்த நாய்
எழுந்தது, சோம்பல் முறிக்கவில்லை,
எங்கள் மூவரையும் பார்க்காமல்
ஆரஞ்சுத் தோப்பைத் தாண்டிப் போய்விட்டது.

இரவு விடுதி அறையில் அட்டையில் எழுதினேன்:
வினைமுற்று. படர்க்கை. ஒருமை.
பொருள் என்ற இடத்தில் பென்சிலை வைத்தபோது
தொண்டை வறண்டது.
எழுந்து தண்ணீர் குடித்தேன்.
வெயிலில் ஆறு மணி நேரம் நின்றவள்.
அது சான்றாகாது.

இன்னொரு டம்ளர் குடித்தேன்.